மடக்கு – ஒரு நிரல்வரியின் வரலாறு

இணையப்பக்கங்களுக்கு நிரல் எழுதக் கற்கத் தொடங்குகிறவர் எவராயினும், சில நாட்களுக்குள் ஒரு விசித்திரமான வரியை எதிர்கொள்ள நேரும். ஜாவாஸ்கிரிப்ட் பாடநூல்களில் அவ்வரி ‘ஃபார்’ என்ற சொல்லுடன் தொடங்கும். அதையடுத்த அடைப்புக்குறிக்குள் அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகள் இருக்கும். ‘எண்ணி ஒன்றைப் பூஜ்யத்தில் தொடங்கு’ என்பது முதல் துண்டு. ‘அது பத்துக்குக் குறைவாக இருக்கும்வரை’ என்பது இரண்டாவது. ‘ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதனோடு ஒன்றைக் கூட்டு’ என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மாணவர் மனப்பாடம் செய்துகொள்கிறார். ஏன் மூன்று, ஏன் இந்த வரிசை, ஏன் பூஜ்யம் என்று அவர் கேட்பதில்லை; கேட்டாலும் பாடநூல் விடை சொல்வதில்லை. அந்த ஒரு வரிக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன என்பதே நாம் இக்கட்டுரையில் காட்ட முயல்வது.

முதலில் இதன் பயனைச் சொல்லிவிடுவோம். இணையத்தில் வெளிவரும் ஓர் இலக்கிய இதழின் உள்ளடக்கப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். பத்துக் கட்டுரைகளின் தலைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அப்பக்கம் எழுதப்படுகின்ற எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழிக்குத் திருப்பிச் செய்யத் தெரியாது. பத்துத் தலைப்பு வேண்டுமென்றால் பத்து வரி இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பத்து வரிகளையும் எழுதுகிற வேலையை வேறொரு நிரலிடம் ஒப்படைக்கிறோம். ‘ஒரு தலைப்பை எடு, அச்சிடு, அடுத்ததற்குப் போ’ என்று ஒருமுறை எழுதினால் போதும். தலைப்புகள் பத்தானாலும் பத்தாயிரமானாலும் நிரலின் நீளம் மாறாது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் லூப் என்று பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கணிப்பொறியியல் பாடநூல்கள் இதை ‘மடக்கு’ என்கின்றன.

இந்தச் சொல்லின்மீது நமக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டு. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டியவர்கள் மடக்கணியை அறிவார்கள். வடமொழியார் யமகம் என்பது. ஒரு செய்யுளில் வந்த அதே எழுத்துக்கூட்டம் மீண்டும் வரவேண்டும். ஆனால் மீண்டும் வரும்போது வேறு பொருள் தரவேண்டும். அதே சொல் அதே பொருளில் திரும்பினால் அது மடக்கு ஆகாது. பாடநூற் குழுவில் இருந்தவர்கள் இதை நினைத்துத்தான் அச்சொல்லைத் தேர்ந்தார்களோ, வெறுமே மடங்கி வருதல் என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்களோ, எவ்வாறாயினும் பொருத்தம் வியப்பூட்டுகிறது. நிரலின் மடக்கிலும் எழுதப்பட்ட சொற்கள் மாறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் மதிப்பு மாறுகிறது. மதிப்பு எதுவுமே மாறாமல் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருமானால் அந்த மடக்கு பழுதுபட்டது. பெரும்பாலும் நிற்கவும் நிற்காது. மடக்கின் வரலாற்றை அறிந்தவர்கள், திரும்புவதைவிட மாறுவதும் நிற்பதுமே கடினமான பகுதிகள் என்பதை உணர்வார்கள்.

வரலாறு தறியிலிருந்து தொடங்குகிறது. பிரான்சு நாட்டின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்க்காரரான ஜோசப் மரீ ஜாக்கார்ட் 1804-இல் தறியின் மேல் பொருத்தும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். துளையிட்ட அட்டைகள் நாடாவால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு உரியது. துளையுள்ள இடத்தில் ஊசி உட்செல்லும். அதனோடு இணைந்த கொக்கி உரிய பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் எழும்பாது. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு, தறிக்கு மேலே தொங்கும் அந்த அட்டைக் கோவையை நாம் வருணிக்க வேண்டியதில்லை.

கோவையின் கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அது முடிவற்ற சங்கிலி ஆகிவிடுகிறது. கரையில் ஒரே பூ வேட்டி முழுவதும் திரும்பத் திரும்ப வருவது இவ்வாறுதான். எந்திரத்திற்கு எழுதப்பட்ட கட்டளைகள் தாமாகத் திரும்பி வருவதற்கு, பலரும் கண்ணால் கண்ட முதல் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று எனலாம். அச்சங்கிலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1839-இல் ஜாக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். ஒரு மனித முகத்தில் எந்த வரியும் மற்றொரு வரியைப்போல் இருப்பதில்லை. ஆகவே திரும்ப வருவதற்கு வழியில்லாமல், அப்படத்திற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் படத்தின் பிரதி ஒன்றை இலண்டனில் தம் வீட்டில் வைத்திருந்து விருந்தினர்களுக்குக் காட்டி மகிழ்ந்தவர் சார்லஸ் பாபேஜ்.

பாபேஜ் 1834 முதல் சிந்தித்துவந்த பகுப்பாய்வுப் பொறி, ஜாக்கார்டின் அட்டைகளைக் கணக்கிற்குக் கொண்டுவர முயன்றது. ஆனால் தறியின் சங்கிலி முழுமையாகச் சுற்றும். நடுவிலுள்ள பத்து அட்டைகளை மட்டும் ஐந்துமுறை திருப்பிவிட்டு மேலே செல் என்று அதனிடம் சொல்ல முடியாது. கணக்கிற்கு வேண்டியதோ அதுதான். எனவே அட்டைகளைப் பின்னோக்கி நகர்த்தி, வேண்டிய தொகுதியை வேண்டிய தடவைகள் மீண்டும் கொண்டுவரும் ஏற்பாடு ஒன்றைப் பாபேஜ் வகுத்தார். மடக்கு தன் தறியிலிருந்து பிரிந்த இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தை எழுத்தில் நிறுத்தியவர் ஏடா லவ்லேஸ். கவிஞர் பைரனின் மகள் என்று இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தலாம், தந்தையை அவர் நினைவறிந்து கண்டதே இல்லை என்றாலும். 1840-இல் இத்தாலியின் டூரின் நகரில் பாபேஜ் தம் பொறியைப் பற்றி விளக்கினார். அதைக் கேட்ட லூயிஜி மெனப்ரியா என்ற பொறியாளர், பின்னாளில் இத்தாலியின் பிரதமரானவர், 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்து, ஏழு குறிப்புகளைச் சேர்த்து, 1843-இல் வெளியிட்டார். மூலத்தைக் காட்டிலும் குறிப்புகள் நீளமானவை. குறிப்புகளின் அடியில் முழுப்பெயர் இல்லை, ஏ.ஏ.எல். என்ற முதலெழுத்துகள் மட்டும்.

ஐந்தாம் குறிப்பில் அவர் சுழற்சி என்பதற்கு இலக்கணம் சொல்கிறார்: ஒருமுறைக்கு மேல் திரும்ப வருகின்ற செயல்களின் தொகுதி. சுழற்சிக்குள் சுழற்சி இருக்கலாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். இன்று ‘மடக்கினுள் மடக்கு’ என்று தனிப்பாடமாக நடத்தப்படும் பொருள் இது. ஏழாம் குறிப்பில்தான் புகழ்பெற்ற அட்டவணை வருகிறது. பெர்னூலி எண்கள் என்று கணிதத்தில் ஒரு வரிசை உண்டு. ஒவ்வோர் எண்ணையும் காண்பதற்கு அதற்கு முந்தைய எண்கள் வேண்டும். மடக்கு வேலை செய்வதைக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு அமையாது. அட்டவணையில் 25 செயல்கள் வரிசையாக உள்ளன. அவற்றில் 13 முதல் 23 வரையிலானவை மீண்டும் செய்யப்பட வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த அட்டவணையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பொறியின் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு மாறியின் மதிப்பு மாறும்போதெல்லாம் அதன் பெயருக்கு இடப்பக்கம் மேலே எழுதப்படும் சிற்றெண் ஒன்று கூடுகிறது. அது அதே மாறிதான், ஆனால் அதே மதிப்பு அன்று என்பதை வாசகருக்கு நினைவூட்டும் குறியீடு அது. பத்தாம் மாறியைத் தொடர்ந்து கவனித்தால் வேறொன்று புலப்படும். ஏழாவது செயலில் அதில் 3 எழுதப்படுகிறது. பன்னிரண்டாவது செயலில் 1 கழிக்கப்பட்டு 2 ஆகிறது. இருபத்து மூன்றாவது செயலில், அதாவது மடக்கின் கடைசி அடியில், மீண்டும் 1 கழிக்கப்பட்டு 1 ஆகிறது. இன்னும் எத்தனை சுற்று மீதி என்பதைப் பொறி இந்தப் பத்தியில் எண்ணிக்கொண்டிருக்கிறது. இறங்கிக்கொண்டே போகும் ஓர் எண் என்றாவது ஒருநாள் பூஜ்யத்தைத் தொட்டே ஆகவேண்டும். நிற்பதற்கான உத்தரவாதம் அங்கே இருக்கிறது.

இந்த அட்டவணையில் ஏடாவின் பங்கு எவ்வளவு, பாபேஜின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். பெர்னூலி எண்களுக்கான இயற்கணிதத்தை அவருக்குச் சிரமம் வேண்டாமெனத் தாமே செய்து கொடுக்க முன்வந்ததாகவும், அதில் தாம் செய்திருந்த ஒரு பெரும்பிழையை ஏடா கண்டுபிடித்ததாகவும் பாபேஜ் 1864-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அச்சான அட்டவணையின் நான்காவது வரியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியிருக்கின்றன என்பதும் உண்மை. அது யார் கையால் நேர்ந்ததென்ற விசாரணை நமக்கு வேண்டாம். ஏடா 1852-இல் தமது 36-ஆம் வயதில் மறைந்தார், பாபேஜ் 1871-இல். பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. அந்த மடக்கு அவர்கள் காலத்தில் காகிதத்தில் மட்டுமே சுழன்றது.

அடுத்த நூறாண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். நம் பொருளுக்குரியதாக அதில் அதிகமில்லை. 1941-இல் பெர்லினில் கொன்ராட் சூஸ என்ற இளம் பொறியாளர் ஸெட்3 என்ற கணிப்பொறியை இயக்கிக் காட்டினார். கட்டளைகளைத் துளையிட அவர் பயன்படுத்தியது கழித்துப்போட்ட திரைப்படச் சுருள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் ஹோவர்ட் எய்க்கன் வடிவமைத்து, ஐ.பி.எம். நிறுவனம் கட்டிய ஹார்வர்ட் மார்க் 1 இயங்கத் தொடங்கியது. அது காகித நாடாவைப் படித்தது. இரண்டிலும் நிபந்தனைக்கேற்பக் கிளைபிரியும் கட்டளை தொடக்கத்தில் இல்லை. ஆகவே மடக்கு வேண்டுமென்றால் நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிடுவதே வழி. ஜாக்கார்டின் சங்கிலி மீண்டும் வந்துவிட்டது! பாபேஜ் தாண்டிச் சென்ற இடத்திற்கு, நூறாண்டு கழித்து வந்தவர்கள் முதற்படியிலிருந்து ஏறவேண்டியிருந்தது. ஒட்டிய நாடா தானாகத் திரும்பும். எப்போது போதும் என்பதை அந்நாடா அறியாது.

1948 ஜூன் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நிலைமை மாறியது. கட்டளைகளையும் எண்களையும் ஒரே மின்னணு நினைவகத்தில் வைத்து இயங்கிய முதல் கணிப்பொறி அன்று தன் முதல் நிரலை ஓட்டி முடித்தது. ‘பேபி’ என்று அதைச் செல்லமாக அழைத்தார்கள். நினைவகத்தில் 32 சொற்களுக்கே இடம். டாம் கில்பர்ன் எழுதிய அந்த நிரலில் 17 கட்டளைகள். 2,62,144 என்ற எண்ணின் மிகப்பெரிய காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கணக்கு. பேபிக்கு வகுத்தல் தெரியாது, கழித்தல்தான் தெரியும். ஆகவே 2,62,143 முதல் கீழ்நோக்கி ஒவ்வோர் எண்ணாக எடுத்து, திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்து, மீதி வந்தால் அடுத்த எண்ணுக்கு இறங்கவேண்டும். விடை 1,31,072 என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும், பாதிதானே. கணிப்பொறி 52 நிமிடங்கள் உழைத்து, ஏறத்தாழ 35 இலட்சம் செயல்களைச் செய்து அதே விடையைத் தந்தது. எந்திரம் அத்தனை நேரம் பிழையின்றி ஓடுமா என்று சோதிப்பதற்காகவே இவ்வளவு சுற்றுவழியைத் தேர்ந்தார்கள். 17 வரிகள் 35 இலட்சம் செயல்களாக விரிந்த அந்தப் பெருக்கம்தான் மடக்கின் முழு ஆற்றல். ஏடாவின் பத்தாம் மாறியைப்போல இங்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண் இறங்கிக்கொண்டே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிற்குமா நிற்காதா என்ற கேள்வி அதற்கு முன்பே கணித உலகில் எழுந்துவிட்டது. ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிடைக்கும் முடிவுகளுள் ஒன்று இது: எந்த நிரலைக் கொடுத்தாலும், அது முடிவுக்கு வருமா என்பதைத் தவறாமல் சொல்லிவிடக்கூடிய பொதுவான செய்முறை எதுவும் இருக்க முடியாது. ‘நிற்றல் சிக்கல்’ என்ற பெயர் பின்னாளில் வைக்கப்பட்டது. இதைக் கேட்டவுடன் சோர்ந்துவிட வேண்டியதில்லை. எல்லா நிரல்களுக்கும் பொதுவான விதி இல்லை என்பதால், கையிலிருக்கும் இந்த ஒரு நிரலைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. இதை எடுத்துக்காட்டியவரும் அதே டூரிங்தான். 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் அவர் ஒரு சிறு கட்டுரையைப் படித்தார். பெருக்கலைக்கூடக் கூட்டலாலேயே செய்து முடிக்கும் ஒரு நிரலை, மடக்கினுள் மடக்கு அமைந்த ஒன்றை, எடுத்துக்கொண்டு அது சரியான விடையையே தரும் என்று நிறுவினார். பிறகு அது நின்றே தீரும் என்பதைத் தனியாக நிறுவினார். அதற்கு அவர் சொன்ன உத்தி எளியது: ஒவ்வோர் அடியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டுங்கள், அது முடிவின்றிக் குறைய இயலாததாக இருக்கட்டும். அக்கட்டுரை பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இன்றளவும் மடக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் தொடக்கநிலை மாணவர்க்கு மிகவும் பயன்படும் கருத்து இதுவே என்று நாம் கருதுகிறோம். பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது ஒரு குறை.

இனி அந்த ‘ஃபார்’ என்ற சொல்லுக்கு வருவோம். 1950-இல் சூஸவின் ஸெட்4 கணிப்பொறியைச் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்தது. அங்கே பணியாற்றிய ஹெய்ன்ஸ் ருட்டிஷவுசர், மடக்கைக் கணிதச் சூத்திரம்போல் ஒரே வரியில் எழுதிவிட முடியாதா என்று யோசித்தார். கணித நூல்களில் ‘1 முதல் என் வரையிலான ஒவ்வொரு மதிப்பிற்கும்’ என்ற தொடர் அடிக்கடி வரும். அந்த ‘இற்கும்’ என்பதற்கு ஜெர்மன் சொல் ‘ஃப்யூர்’. தொடக்கம், படி, முடிவு மூன்றையும் அச்சொல்லோடு சேர்த்து எழுதும் முறையை அவர் 1950-களின் தொடக்கத்தில் வகுத்தார். 1958-இல் சூரிச்சில் கூடி அல்கால் மொழியை உருவாக்கிய சிறு குழுவில் ருட்டிஷவுசரும் ஒருவர். அம்மொழியில் அச்சொல் ஆங்கிலத்தில் ‘ஃபார்’ ஆக அமர்ந்தது. ஆங்கிலம் தெரிந்த மாணவர்கள்கூட ‘இது எதற்கு ஃபார்?’ என்று திகைப்பதுண்டு. அது பாதியில் அறுபட்ட கணித வாக்கியம் என்பதை யாராவது சொன்னால் திகைப்பு நீங்கிவிடும்.

அல்காலுக்குச் சற்று முன், 1957-இல், ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் மடக்கிற்கு ‘டூ’, அதாவது ‘செய்’, என்ற சொல். பழைய ஃபோர்ட்ரான் பலவற்றில் நிபந்தனையைச் சோதிப்பது சுற்றின் இறுதியில்தான். ஆகவே ஒரு சுற்றும் தேவையில்லாதபோதுகூட மடக்கு ஒருமுறை ஓடிவிடும். நம் உள்ளடக்கப் பக்கத்தில் ஒரு கட்டுரையும் இல்லாத மாதத்திலும் இல்லாத ஒரு தலைப்பை அச்சிட முயல்வது போன்ற நிலை. சோதனை முன்னால் வரவேண்டுமா பின்னால் வரவேண்டுமா என்பது அற்ப விஷயமன்று. 1977-ஆம் ஆண்டின் தரநிலைதான் முன்னால் என்று முடிவுகட்டியது. ஃபோர்ட்ரான் மடக்கைப் பற்றி ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுந்ததால் மடக்கு வெறும் மதிப்பிடு கட்டளையாக மாறி, 1962-இல் வெள்ளிக்கோளுக்கு அனுப்பப்பட்ட மாரினர் 1 விண்கலம் அழிந்தது என்பார்கள். அத்தகைய புள்ளிப்பிழை நாசாவின் வேறொரு திட்டத்து நிரலில் இருந்தது உண்மை. தீங்கு விளைவதற்குமுன் கண்டுபிடிக்கப்பட்டும் விட்டது. மாரினர் 1 வீழ்ந்ததற்குக் காரணம், வழிநடத்தும் சமன்பாட்டில் ஒரு குறியின்மேல் போடவேண்டிய கோடு விடுபட்டுப்போனது. கதை உண்மையைவிடச் சுவையாக இருப்பதால் நீடிக்கிறது.

அறுபதுகளில் நிரல்கள் பெருகின. ‘இந்த வரிக்குத் தாவு’ என்ற கட்டளையால் மடக்குகளை எழுதும் பழக்கம் பரவலாக இருந்தது. தாவித் தாவிச் செல்லும் நிரலைப் படிக்கிறவருக்கு, எங்கே சுற்று தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது புலப்படாது. 1966-இல் இத்தாலியர்களான போம், ஜாக்கோப்பினி இருவரும், வரிசை, தெரிவு, மடக்கு என்ற மூன்றே அமைப்புகளால் எந்த நிரலையும் எழுதிவிடலாம் என்று நிறுவினார்கள். 1968 மார்ச்சில் டச்சுக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தாவும் கட்டளையைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதினார். அதற்குச் சண்டைக்கார தலைப்பை வைத்தவர் டைக்ஸ்ட்ரா அல்லர், இதழாசிரியரான நிக்லவுஸ் விர்த். கடிதத்தின் வாதம் நிதானமானது: ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதப்பட்ட பக்கத்தைப் பார்த்தே சொல்ல முடியவேண்டும்; மடக்கென்றால் எத்தனையாவது சுற்று என்பதையும் சேர்த்து. ஏடாவின் இடப்பக்கச் சிற்றெண் செய்த வேலையும் ஏறத்தாழ இதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, அரைப்புள்ளிகள் பிரிக்கும் மூன்று துண்டு வடிவத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். ஜாவாவைப்போல் தோன்றவேண்டும் என்பது அவருக்கிடப்பட்ட கட்டளை. ஜாவாவின் தோற்றமோ சி-யிலிருந்து வந்தது. மூன்று துண்டுகள் அப்படியே இணையத்திற்குள் குடிபுகுந்தன. பூஜ்யத்தில் தொடங்கும் பழக்கமும் கூடவே வந்தது. அதற்கு ஆதரவாக டைக்ஸ்ட்ரா 1982-இல் கையால் எழுதிய ஒரு குறிப்பு உண்டு. பூஜ்யம் முதல், பத்துக்குக் குறைவாக என்று எழுதினால், மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்தவுடன் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பது அதன் சாரம். தரைத்தளத்திற்கு மேலிருப்பதை முதல் தளம் என்றழைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

உலாவியில் மடக்கிற்குப் புதிய பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பொதுவாக ஒற்றை இழையில் ஓடுகிறது. ஒரு மடக்கு சுற்றிக்கொண்டிருக்கும்வரை அப்பக்கத்தில் வேறெதுவும் நடவாது. பொத்தானை அழுத்தினாலும் பதில் வராது. மார்க் 1-இன் நாடா நிற்காவிட்டால் அருகிலிருப்பவர் நிறுத்திவிடுவார். இங்கே நிற்காத மடக்கு முன்பின் அறியாத வாசகரின் திரையை உறையச் செய்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், உலாவியின் உள்ளேயே நிற்காத மடக்கு ஒன்று எப்போதும் ஓடுகிறது. அடுத்து ஏதேனும் நிகழ்ந்ததா, நிகழ்ந்திருந்தால் அதற்குரிய நிரலை ஓட்டு, மீண்டும் பார் என்பது அதன் வேலை. நிற்காமல் இருப்பதே அதன் கடமை. நம் சிறிய மடக்கு நிற்காவிட்டால் அந்தப் பெரிய மடக்கு காத்துக்கிடக்க நேர்கிறது.

பிற்கால மொழிகள் மூன்று துண்டுகளையும் மறைக்கத் தொடங்கின. 2000-இல் வந்த பி.எச்.பி.-யின் நான்காம் பதிப்பில் ‘ஒவ்வொன்றிற்கும்’ என்று பொருள்படும் ஒரு கட்டளை சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டின் 2009, 2015 தரநிலைகளிலும் இத்தகையவை இடம்பெற்றன. பட்டியலைக் கொடுத்தால் போதும். எண்ணியும் எல்லையும் தேவையில்லை. தலைப்புகளை அச்சிடும் வேலைக்கு இவையே சிறந்தவை, தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் எத்தனை சுற்று என்று முன்கூட்டித் தெரியாத இடங்களில் ‘வைல்’ என்ற நிபந்தனை மடக்கு இன்னும் தேவைப்படுகிறது. அங்கே ‘ஒன்றைக் கூட்டு’ என்று நினைவூட்டுவதற்கு மூன்றாவது துண்டு கிடையாது. மாறவேண்டியதை மாற்றுவது எழுதுகிறவரின் பொறுப்பு.

அது தவறினால் என்ன நேரும் என்பதற்கு 2008 டிசம்பர் 31 சாட்சி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஸூன் என்ற இசைக்கருவியின் 30 ஜி.பி. வகை அன்று உலகெங்கும் ஒருசேர உறைந்துபோனது. மின்கலம் தீரும்வரை விட்டுவிட்டு, கிரீன்விச் நேரப்படி ஜனவரி 1 நண்பகலுக்குப் பிறகு மீண்டும் இயக்குங்கள் என்பதே நிறுவனம் சொன்ன வழி. காரணம் கடிகாரத்தைக் கவனிக்கும் நிரலில் இருந்த ஒரு மடக்கு. 1980 ஜனவரி முதல் கடந்த நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. நாட்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்று. நெட்டாண்டு எனில், நாட்கள் 366-க்கும் மேலாக இருந்தால் 366-ஐக் கழித்து ஆண்டில் ஒன்றைக் கூட்டு. நெட்டாண்டு இல்லையெனில் 365-ஐக் கழித்து ஆண்டில் ஒன்றைக் கூட்டு. இதைப் படித்துப் பார்த்தால் பிழை கண்ணில் படாது. ஏடாவைப்போல் ஒரு தாளில் பத்திகள் கீறி, நாட்களுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, 1980 முதல் ஒவ்வோர் ஆண்டாகக் கழித்து வாருங்கள். இருபத்தெட்டு வரிகள் ஒழுங்காக இறங்கி வரும். அடுத்த வரியில் நாட்கள் 366, ஆண்டு 2008. 365-க்கு மேல் என்பதால் சுற்றுக்குள் போகவேண்டும். நெட்டாண்டுதான். 366-க்கும் மேலா என்றால் இல்லை. எனவே கழிப்பதற்கும் இல்லை, கூட்டுவதற்கும் இல்லை. அதற்கடுத்த வரியில் நாட்கள் 366, ஆண்டு 2008.